செல்ட்னம் திருவிழாவுக்கு முன் புதுமுகக் குதிரைகளை எடைபோடுவது எப்படி?

கேள்வி

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். கிண்டியிலும் ஊட்டியிலும் பந்தயம் பார்த்து வளர்ந்தவன் நான். வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் மேற்குப் பகுதிக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வந்த முதல் குளிர்காலத்திலேயே தடைதாண்டும் பந்தயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் உச்சம் மார்ச் மாதத்தில் செல்ட்னத்தில் நான்கு நாள்கள் நடக்கும் திருவிழா என்பதும், அங்கு ஓடும் 28 பந்தயங்களில் சில புதுமுகங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை என்பதும் இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் சிக்கல் அந்தப் புதுமுகங்களிடம்தான். சாம்பியன் ஹர்டிலிலோ கோல்டு கப்பிலோ ஓடும் குதிரைக்குப் பல ஆண்டு வரலாறு இருக்கிறது. சுப்ரீம் நாவிசஸ் ஹர்டிலில் (புதுமுகங்கள் தாழ்வான தட்டிகளைத் தாண்டி ஓடும் பந்தயம்) ஓடும் ஐந்து வயதுக் குதிரைக்கோ இரண்டு அல்லது மூன்று ஓட்டங்களே கையிருப்பு. ஆகவே குளிர்காலம் முழுவதும் எந்தக் குதிரை எத்தனை லெங்த் (ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்தில் வென்றது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து, அந்த வரிசையையே மார்ச்சில் நம்பி வந்தேன். அது தொடர்ந்து காலை வாரிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. கடந்த ஜனவரியில் தூறலுக்கிடையே, வலப்புறமாகச் சுற்றும் ஒரு சிறிய மைதானத்தில், கடைசி ஹர்டிலுக்கு எதிரே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு ஐந்து வயதுக் குதிரை 18 லெங்த் வித்தியாசத்தில் வென்றது. ஜாக்கி இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கடிவாளத்தைத் தளர்த்திக்கொண்டே எல்லைக் கோட்டைக் கடந்தார். அன்றிரவே அதன் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். மார்ச்சில் செல்ட்னத்தின் கடைசி ஏற்றத்தில் அது ஏழாவதாக வந்தது. பெயர் இங்கு வேண்டாம். குதிரையின் மீது எனக்குக் கோபம் இல்லை, என் முறையின் மீதுதான்.

டிப்ஸ் கேட்கவில்லை. இவ்வளவு குறைந்த சான்றுகளை வைத்துக்கொண்டு ஒரு புதுமுகத்தை எடைபோடும்போது எதை முதலில் பார்க்கிறீர்கள், எதைப் புறக்கணிக்கிறீர்கள் என்பதை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

உங்கள் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் ஒரு பத்தியை மட்டும் மாற்றி எழுதினால் போதும். எத்தனை லெங்த் என்பதற்குப் பக்கத்தில் யாரை என்பதை எழுதுங்கள்.

2021இல் பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸ் லாயத்தின் அப்ரீஷியேட் இட் சுப்ரீமை 24 லெங்த் வித்தியாசத்தில் வென்றது. அடுத்த ஆண்டு நிக்கி ஹென்டர்சனின் கான்ஸ்டிடியூஷன் ஹில் அதே பந்தயத்தை 22 லெங்த் வித்தியாசத்தில் வென்றது. எண்ணை மட்டும் பார்த்தால் முதல் குதிரைதான் பெரியது. ஆனால் கான்ஸ்டிடியூஷன் ஹில்லுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது ஜான்பான். பின்னாளில் டிங்கிள் க்ரீக் என்ற பெரிய தடைதாண்டும் பந்தயத்தை 2 முறை வென்ற குதிரை. அப்படிப்பட்ட ஒன்றை 22 லெங்த் பின்தள்ளிய புதுமுகம் மறு ஆண்டு சாம்பியன் ஹர்டிலை வென்றதில் வியப்பில்லை. அப்ரீஷியேட் இட்டுக்கு அப்போதே 7 வயது. சீசன் தொடங்கும்வரை ஹர்டிலில் வெற்றி பெறாத குதிரை எந்த வயதினதானாலும் நாவிஸ், அதாவது புதுமுகம்தான் என்பதால், வளர்ந்து முடிந்த உடலோடு இளையவற்றை எதிர்கொள்ளும் சாதகம் சில குதிரைகளுக்குக் கிடைத்துவிடுகிறது. காயத்தால் அடுத்த சீசனின் பெரும்பகுதியை இழந்து நேராக 2022 சாம்பியன் ஹர்டிலுக்கு வந்த அதனால் முன்வரிசையில் இடம்பிடிக்க முடியவில்லை.

சேற்றுத் தரையில் கிடைக்கும் 18 லெங்த் என்பது பெரும்பாலும் வென்ற குதிரையின் வேகம் அன்று, தோற்றவற்றின் களைப்பு. தோற்றுவிட்டது என்று தெரிந்த கணத்தில் எந்த நல்ல ஜாக்கியும் இளங்குதிரையை அடித்து ஓட்ட மாட்டார். நடையைக் குறைத்துப் பத்திரமாக வீடு கொண்டு வருவார். அந்த இடைவெளியும் உங்கள் 18இல் அடக்கம்.

அதே சமயம் 'இது அதை வென்றது, அது இதை வென்றது' என்று கணக்குப் போட்டு ஏணி கட்டுவதும் ஆபத்து. 2023 டிசம்பரில் அயர்லாந்தின் ஃபேரிஹவுஸில் ஃபயர்ஃபாக்ஸ் பேலிபர்னை வென்றது. 2024 பிப்ரவரியில் லெப்பர்ட்ஸ்டவுனில் பேலிபர்ன் ஸ்லேட் ஸ்டீலை 7 லெங்த் வித்தியாசத்தில் வென்றது. மார்ச்சில் சுப்ரீமை ஸ்லேட் ஸ்டீல் வென்றது, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றாவது. ஏணி வட்டமாகிவிட்டது. மூன்றும் நல்ல குதிரைகள், மூன்றும் நான்கு மாதங்களில் வெவ்வேறு வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தவை என்பதைத்தான் இந்த வட்டம் சொல்கிறது. புதுமுகத்தின் டிசம்பர் ஓட்டத்தையும் பிப்ரவரி ஓட்டத்தையும் நான் ஒரே குதிரையின் ஓட்டங்களாகவே கருதுவதில்லை.

தோற்றவற்றையும் படியுங்கள். 2011 சுப்ரீமில் அல் ஃபெராஃப், ஸ்பிரிட் சன், ஸ்பிரின்ட்டர் சாக்ரே, கியூ கார்ட் என்ற வரிசையில் முடிந்தன. ஃபேவரிட்டாக (வெல்லும் என்று அதிகம் எதிர்பார்க்கப்பட்ட குதிரையாக) ஓடி நான்காவதாக வந்த கியூ கார்டும், மூன்றாவதாக வந்த ஸ்பிரின்ட்டர் சாக்ரேயும் பிற்காலத்தில் எவ்வளவு உயரத்துக்குப் போயின என்பது உங்களுக்கே தெரியும். சுவையான செய்தி என்னவென்றால், அதற்கு முந்தைய ஆண்டு சாம்பியன் பம்பர் என்ற தடையில்லாப் பந்தயத்தில் கியூ கார்ட் முதலாவது, அல் ஃபெராஃப் இரண்டாவது. அதே மைதானம், அதே ஏற்றம். இடையில் ஹர்டில்களை வைத்ததும் வரிசை புரண்டுவிட்டது. 2016இல் ஆல்டியோர் வென்றபோது பின்னால் வந்த மின்னும் புவேர் டேரும் அன்று தோற்றவையாகத்தான் எழுதப்பட்டன. புவேர் டேர் அடுத்த 2 சாம்பியன் ஹர்டில்களை வென்றது. இன்னும் பின்னால் போனால், 2000இல் சோசலிட்டோ பேயிடம் தோற்ற பெஸ்ட் மேட் மூன்று கோல்டு கப்புகளை வென்ற கதை இருக்கிறது.

மறுமொழி 2

முந்தைய நண்பர் புத்தகத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். நான் குதிரையைப் பார்க்கச் சொல்கிறேன். நான் லாம்போர்ன் பள்ளத்தாக்கில் ஒரு லாயத்தில் வேலை செய்கிறேன், காலையில் மூன்று குதிரைகளுக்குச் சேணம் பூட்டுவதுதான் என் பிழைப்பு. ஆகவே என் கண் சற்று ஒருதலையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிக் கோட்டைப் பார்ப்பதற்கு முன் ஹர்டிலைப் பாருங்கள். மூன்றரை அடி உயரமுள்ள அந்தத் தட்டி பெரிய தடையே அன்று. இடித்தால் சாய்ந்து கொடுக்கும். எனவே மோசமாகத் தாவும் குதிரையும் சிறிய பந்தயங்களில் தப்பித்துவிடும். ஏழு குதிரைகள் மெதுவாக ஓடும் ஓட்டத்தில், தட்டிக்கு முன்னால் ஒரு குட்டைக் காலடி வைத்து, எம்பிக் குதித்து, மறுபுறம் நின்று யோசித்துவிட்டு மீண்டும் ஓடினாலும் தரத்தின் வலிமையால் வென்றுவிடலாம். சுப்ரீமில் பெரும்பாலும் அதைவிட அதிகக் குதிரைகள், முதல் தட்டியிலிருந்தே முழு வேகத்தில் போகும். ஒரு தட்டிக்கு அரை லெங்த் இழந்தாலும் எட்டுத் தட்டிக்கு நான்கு லெங்த் போய்விடும். அதை அந்த ஏற்றத்தில் மீட்பது கடினம். நான் கவனிப்பது தாவலையும் அல்ல, தரையிறங்கிய பின் வரும் முதல் மூன்று காலடிகளை. நல்ல ஹர்டிலர் இறங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. செல்ட்னம் இடப்புறமாகச் சுற்றும் மைதானம். களைப்பு வரும்போது வலப்புறம் விலகித் தாவும் பழக்கமுள்ள குதிரை ஒவ்வொரு தட்டியிலும் வெளிப்பக்கம் போய்த் தன் தூரத்தைத் தானே நீட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, மனம். முதல் அரை மைலில் வாயைத் திறந்து, தலையைத் தூக்கி, கடிவாளத்தோடு மல்லுக்கட்டும் குதிரையைக் கண்டு 'எவ்வளவு ஆவல்' என்று மகிழ்கிறவர்கள் உண்டு. ஏற்றத்துக்கு வேண்டிய மூச்சை அது பள்ளத்திலேயே செலவழிக்கிறது. செவ்வாய்க்கிழமை முதல் பந்தயம் புறப்படும் கணத்தில் எழும் கூட்டத்தின் முழக்கத்தை, அதுவரை வார நாளில் சில நூறு பேர் முன்னிலையில் ஓடிய குட்டி கேட்டிருக்கவே முடியாது. அதனால்தான் சில லாயங்கள் காதை மூடும் முகமூடியோடு பேடாக்கில் (பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்தும் இடத்தில்) நடத்தி, புறப்படும் இடத்தில் கழற்றுகின்றன. பின்னங்கால்களுக்கிடையே வெள்ளை நுரையாக வியர்வை தெரிகிறதா, அல்லது காதுகள் முன்னால் நிமிர்ந்து அமைதியாக நடக்கிறதா என்பதைத் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம். ஆனால் மனத்தைப் பற்றி நான் சொல்வதைக் கேட்டு யாரும் வீட்டை எழுதிவைக்க வேண்டாம். புறப்படும் இடத்தில் நின்ற இடத்தை விட்டு நகர மறுப்பதில் பெயர் பெற்றிருந்த லபாய்க், 2017இல் மனது வைத்துப் புறப்பட்டது; 25க்கு 1 என்ற பந்தய விலையில் சுப்ரீமை வென்றும்விட்டது.

உடலைப் பற்றி ஒன்று. பின்புறம் முன்தோளைவிட உயர்ந்து நிற்கும் ஐந்து வயதுக் குதிரை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதன் குளிர்கால ஓட்டம் சுமாராக இருந்தாலும் நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன். அயர்லாந்தில் மூன்று வயதுவரை சேணமே பூட்டாமல் மேய்ச்சலில் விடப்பட்டு, பிறகு பாயின்ட் டு பாயின்ட் என்னும் அமெச்சூர் தடைதாண்டும் பந்தயங்கள் வழியாக வரும் குதிரைக்கும், பிரான்ஸில் அந்த வயதிலேயே தடை தாண்டப் பழகிய குதிரைக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. பிரெஞ்சுக் குதிரை நவம்பரிலேயே தேர்ந்ததுபோல் தெரியும். மார்ச்சுக்குள் மற்றது எட்டிப்பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

வாங்கிய விலையைப் பார்க்காதீர்கள். ஜான்பானுக்கு 5,70,000 பவுண்டு, கான்ஸ்டிடியூஷன் ஹில்லுக்கு 1,20,000 பவுண்டு. பின்னது தன் பாயின்ட் டு பாயின்டில் வெல்லக்கூட இல்லை, இரண்டாவதாகத்தான் வந்தது. விலை என்பது ஏலக்கூடத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆசைப்பட்டதற்கான ரசீது.

மறுமொழி 3

நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று சுருக்கமாக எழுதுகிறேன். தனியாக ஒரு பந்தயத்தின் நேரம் எதையும் சொல்லாது. தரையின் ஈரம், காற்று, உள்வேலியை எவ்வளவு தள்ளி நட்டார்கள் என்பதெல்லாம் நாளுக்கு நாள் மாறும். ஆனால் அதே நாளில், அதே தூரத்துக்கு ஓடிய இன்னொரு பந்தயத்தோடு ஒப்பிட்டால் பேசத் தொடங்கும். 2022இல் கான்ஸ்டிடியூஷன் ஹில் எடுத்த நேரம், அன்று மாலை ஹனிசக்கிள் வென்ற சாம்பியன் ஹர்டிலின் நேரத்தைவிடக் குறைவு. புதுமுகம் ஒன்று சாம்பியனைவிட வேகமாக ஓடியிருக்கிறது என்பதே போதிய சான்று.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அந்த சுப்ரீமில் டைசார்ட் டைனமோ முன்னால் நின்று கடும் வேகம் வைத்தது, பிறகு விழுந்தது. வேகமாக ஓட யாரோ இழுத்துச் சென்றால்தான் நல்ல நேரம் கிடைக்கும். முதல் ஒன்றரை மைல் ஊர்வலமாகப் போய்க் கடைசியில் மட்டும் ஓடிய பந்தயத்தில் நேரம் மோசமாகத்தான் இருக்கும், வென்ற குதிரை மோசமானதாக இருக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பந்தயங்களில் கடைசி மூன்று ஃபர்லாங்கை மட்டும் கையில் கடிகாரம் வைத்து அளக்கிறேன். என் மனைவி சிரிக்கிறார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு துணைக் கேள்விகள் இருக்கின்றன. ஒரே குதிரையின் பெயர் சுப்ரீமிலும், டர்னர்ஸ், ஆல்பர்ட் பார்ட்லெட் என்ற மற்ற இரண்டு புதுமுகப் பந்தயங்களிலும் பதிவாகியிருக்கும்போது, அது எதில் ஓடும் என்று தெரியாமல் எப்படி எடைபோடுவது? அடுத்தது லாயத்தில் இருக்கும் நண்பருக்கு: நாக்கைக் கட்டி ஓட்டுவதை ஒரு குறையாகக் கொள்ள வேண்டுமா?

மறுமொழி 1

முதல் கேள்விக்கு நான் வருகிறேன். உண்மையில் இதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் திருவிழாவில் தோற்கும் நல்ல குதிரைகளில் பல, தவறான பந்தயத்தில் ஓடித் தோற்பவை.

சுப்ரீம் ஏறக்குறைய 2 மைல், டர்னர்ஸ் 2 மைல் 5 ஃபர்லாங், ஆல்பர்ட் பார்ட்லெட் ஏறக்குறைய 3 மைல். தூரம் மட்டும் வேறுபாடு அன்று. செவ்வாயும் புதனும் பழைய தடத்தில் ஓடுகிறார்கள். அது இறுக்கமான வளைவுகள் கொண்டது, வேகமும் துரிதத் தாவலும் கேட்பது. வியாழனும் வெள்ளியும் புதிய தடம். அங்கு கடைசிப் பகுதியில் ஹர்டில்கள் மிகக் குறைவு. நீண்ட ஓட்டமும் அதற்குப் பின் ஏற்றமும்தான். தாவலில் திறமை காட்டி இடம்பிடிக்கும் குதிரைக்கு அங்கு வாய்ப்புக் குறைகிறது, மூச்சு நீளமுள்ள குதிரைக்குக் கூடுகிறது. எனவே குளிர்காலப் பந்தயத்தைப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றே: எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகு இந்தக் குதிரையை நிறுத்துவதற்கு ஜாக்கிக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? இரண்டு மைலை ஓடி முடித்தும் வளைவுவரை நிற்காமல் போகும் குதிரைக்கு இன்னும் தூரம் வேண்டும்.

பேலிபர்னையே பாருங்கள். 2 மைல் பந்தயத்தில் ஸ்லேட் ஸ்டீலை வென்ற பிறகு நீண்ட நாள் சுப்ரீமுக்கான ஃபேவரிட்டாகவே பேசப்பட்டது. கடைசியில் அதைப் புதன்கிழமையின் நீண்ட பந்தயத்துக்கு அனுப்பினார்கள். 13 லெங்த் வித்தியாசத்தில் வென்றது. அது விலகியதால் திறந்த கதவு வழியாக ஸ்லேட் ஸ்டீல் சுப்ரீமுக்குள் நுழைந்தது. முன்கூட்டியே சுப்ரீமுக்குப் பணம் கட்டியவர்கள் குதிரை ஓடாமலேயே இழந்தார்கள். ஓடாவிட்டால் பணம் திரும்பும் என்ற நிபந்தனையைப் புக்கிகள் அறிவிக்கும்வரை காத்திருப்பதே நல்லது.

ஒரே லாயத்திலிருந்து பல குதிரைகள் ஓடும்போது முதல் ஜாக்கி எதைத் தேர்ந்தெடுத்தார் என்று பார்ப்பது வழக்கம். அது பயனுள்ள தகவல்தான், ஆனால் வேதவாக்கு அன்று. நான்கு வயதுக் குதிரைகளுக்கான 2025 டிரையம்ப் ஹர்டிலில் மல்லின்ஸ் பல குதிரைகளை ஓட்டினார். வென்றது போனிரோஸ்: அதுவரை ஒரு ஹர்டில் பந்தயத்தில்கூட ஓடாத குதிரை, விலை 100க்கு 1, பின்தங்கியது லுலம்பா, வித்தியாசம் ஒரு கழுத்து. அதை எந்த முறையாலும் கண்டுபிடித்திருக்க முடியும் என்று நான் நடிக்க மாட்டேன்.

அதேபோல் 'இந்தப் பந்தயத்தை வென்றவை அந்தப் பந்தயத்தை வெல்வதில்லை' என்ற வகைச் சொல்வழக்குகளுக்கும் அளவுக்கு மீறி இடம் கொடுக்காதீர்கள். நியூபரியில் டிசம்பர் இறுதியில் ஓடும் சாலோ ஹர்டிலை வென்ற சாம்ப் 2019இல் செல்ட்னத்தில் இரண்டாவது, பிரேவ்மன்ஸ்கேம் 2021இல் மூன்றாவது. அதை வைத்தே சாலோவை ராசியில்லாத பந்தயம் என்றார்கள். 2025இல் தி நியூ லயன் சாலோவையும் வென்றுவிட்டு வந்து டர்னர்ஸையும் வென்றது. ராசி என்று எதுவும் இல்லை. ஈரமான டிசம்பர் தரையில் கடினமாக ஓடிய இளங்குதிரை மார்ச்சுக்குள் மீண்டுவிட்டதா என்ற கேள்விதான் இருந்தது.

மறுமொழி 2

நாக்கைக் கட்டுவது குறை அன்று. முழு வேகத்தில் ஓடும்போது சில குதிரைகள் நாக்கைப் பின்னுக்கிழுத்து மூச்சுக் குழலின் வாயை அடைத்துக்கொள்ளும்; அப்போது தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும், காலைப் பயிற்சியில் பக்கத்துக் குதிரையின் மீது அமர்ந்திருப்பவருக்கே கேட்கும். மெல்லிய துணிப்பட்டையால் நாக்கைக் கீழ்த்தாடையோடு கட்டிவிட்டால் பலவற்றுக்குச் சரியாகிவிடும். அதனால் பட்டை இருப்பதைவிட, முதல் முறையாக எப்போது வந்தது என்பதே முக்கியம். பிரிட்டனில் பந்தய அட்டையில் அதற்கென்று ஒரு குறி இருக்கும். மூச்சுக் குழலில் அறுவை செய்திருந்தால் அதற்குப் பிறகான முதல் ஓட்டத்தில் அதையும் அறிவிக்க வேண்டும் என்பது 2018 முதல் விதி. நீங்கள் ஜனவரியில் பார்த்த குதிரையின் மார்ச் மாத அட்டையை எடுத்துப் பாருங்கள். அந்தக் குறி புதிதாக வந்திருந்தால், இடைப்பட்ட வாரங்களில் லாயத்தில் யாரோ அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்படியே ஜனவரி ஓட்டத்தின் காணொளியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இந்த முறை ஜாக்கியைப் பார்க்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அட்டையை எடுத்துப் பார்த்தேன். குறி எதுவும் இல்லை. காணொளியையும் மூன்று முறை பார்த்தேன். கடைசி மூன்று ஹர்டில்களிலும் அது வலப்புறமாக விலகித்தான் தாவுகிறது. வலப்புறம் சுற்றும் மைதானம் என்பதால் ஒவ்வொரு தாவலிலும் உள்வேலிக்கு இன்னும் நெருங்கி, தூரத்தை மிச்சப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறது. கடைசி ஹர்டிலுக்கு எதிரே, பத்தடி தொலைவில் நின்றிருந்தவன் நான்; அந்த நேரத்தில் ஜாக்கி எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.